காயலான் கடையிலிருந்து கேட்லாக் வரை

"இப்போதெல்லாம் யாரும் வண்டி கட்டுவதில்லை, கேட்லாக்கைப் பார்த்து வாங்கிப் பூட்டுகிறார்கள்." அமெரிக்காவில் ஹாட் ராட், அதாவது பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டும் வண்டி, செய்த பழைய ஆட்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. எனக்கு இது வெகுநாளாக உறுத்தல். பொய் என்று தள்ள முடியவில்லை, உண்மை என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. ஏனென்றால் கடையில் வாங்கிப் பூட்டுவது இந்தத் தொழிலில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. எட் வின்ஃபீல்ட் 1920களிலேயே லாஸ் ஏஞ்சலஸில் கார்புரேட்டரும் கேம்ஷாஃப்ட்டும் செய்து விற்றார். விக் எடல்பிராக்கின் ஸ்லிங்ஷாட் இன்டேக் மேனிஃபோல்டு 1938ல் வந்தது. அலெக்ஸ் சைடியாஸ் 1946ல் ராணுவத்திலிருந்து விடுபட்ட கையோடு சோ-கால் ஸ்பீட் ஷாப் என்ற வேகச் சாமான் கடையைத் திறந்தார். மியூராக், எல் மிராஜ் வறண்ட ஏரிகளில் மணிக்கு 100 மைலைத் தாண்டிய பையன்களில் பெரும்பாலோர் கேமையும் ஹெட்டையும் காசு கொடுத்து வாங்கியவர்கள்தான். ஒரு மேனிஃபோல்டை வார்க்க வார்ப்பட்டறை வேண்டும், அச்சு வேண்டும். அதை யாரும் வீட்டு கராஜில் செய்யவில்லை.

அப்படியென்றால் அந்த முதியவர்கள் எதை இழந்ததாக நினைக்கிறார்கள்? என் கணிப்பில் அவர்கள் தேடுவது ஒரு குறிப்பிட்ட அறிவை. எந்த வண்டியின் எந்தச் சாமான் எந்த வண்டியில் உட்காரும், எதை எவ்வளவு அறுத்தால் போதும், எதைத் தொடவே கூடாது என்ற அறிவு. அது புத்தகத்தில் பாதி, காயலான் கடையில் பாதி கிடந்தது. இன்று ஹாட் ராட் கட்ட வேறொரு அறிவு வேண்டும்: அளக்கும் அறிவு, சரிபார்க்கும் அறிவு. ஒன்று போய் இன்னொன்று வந்த இடம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் 1955ஆம் வருஷ ஷெவ்ரலே எஞ்சினைக் காட்டுவார்கள். நான் காட்டுவது யாரும் பெருமையாகப் பேசாத ஒரு சின்னக் காரின் முன்பக்கத்தை.

சாமான் பொருந்திய காலம்

1932 ஃபோர்டிலிருந்து தொடங்குவோம். 221 கன அங்குல ஃபிளாட்ஹெட் (வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும் வகை) வி8, 65 குதிரைசக்தி, எளியவன் வாங்கும் விலையில். அந்தப் பாடியும் அந்த ஃபிரேமும் ஒரே ஒரு வருஷம்தான் வந்தன. ஆனால் அதற்குள் போகும் சாமான்கள் பல வருஷங்களிலிருந்து வந்தன. ஃபோர்டு 1938 வரை ராடோ கேபிளோ வைத்து இழுக்கும் மெக்கானிக்கல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது; 1939ல்தான் ஹைட்ராலிக் வந்தது. ஆகவே 1939க்குப் பிந்தைய ஃபோர்டின் ஸ்பிண்டில் (சக்கரம் மாட்டும் அச்சு), பேக்கிங் பிளேட், டிரம் எல்லாவற்றையும் கழற்றி 1932ல் மாட்டினார்கள். 1939 கியர்பாக்ஸும் கூடவே வந்தது, தரையிலிருந்து மாற்றும் கியர்களில் அதன் சிங்க்ரோ நல்லது என்பதால். அதற்குள் லிங்கன் செஃபர் கியர்களைப் போட்டால் முதல் கியர் நீண்டு ஓடும். இவை எல்லாம் ஒரே கம்பெனியின் வெவ்வேறு வருஷத்துச் சாமான்கள். அவை பொருந்தியது தற்செயல் இல்லை. ஹென்றி ஃபோர்டு அடிப்படை அமைப்பைச் சீக்கிரம் மாற்ற மாட்டார். குறுக்கு லீஃப் ஸ்பிரிங்கும் பீம் ஆக்சிலும் 1948 வரை ஓடின. அந்தப் பிடிவாதம்தான் ஹாட் ராடர்களுக்குக் கிடைத்த பெரிய வரம்.

எஞ்சினிலும் அதே கதை. 1949 முதல் 1953 வரையான மெர்க்குரியின் (ஃபோர்டு கம்பெனியின் இன்னொரு பிராண்டு) கிராங்க் 4 அங்குல ஸ்ட்ரோக், ஃபோர்டுக்கு 3¾. போருக்குப் பிந்தைய 59ஏ வகை பிளாக்கில் அந்த கிராங்க் உட்காரும், கனெக்டிங் ராடை மட்டும் 1949க்குப் பிந்தைய வகையாகப் போட வேண்டும். சிலிண்டரை 3⅜ அங்குலத்துக்குக் குடைந்தால் 286 கன அங்குலம். காகிதத்தில் இவ்வளவுதான். பட்டறையில் முதல் வேலை குடைவது இல்லை, விரிசல் தேடுவது. ஃபிளாட்ஹெட்டில் எக்ஸாஸ்ட் வாயு பிளாக்குக்குள் புகுந்து சிலிண்டர்களின் ஓரமாகச் சுற்றித்தான் வெளியே வரும். நடு இரண்டு சிலிண்டருக்கும் ஒரே வாய். அந்தச் சூடு அத்தனையும் தண்ணீருக்குப் போகிறது. ஒரு தடவை தண்ணீர் வற்றி ஓடினாலும் வால்வ் சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாது, காந்தப் பொடி சோதனையில்தான் தெரியும். பிளாக்கைக் கொதிநீரில் கழுவி, உள்ளே தேங்கிய வார்ப்பு மணலைக் குத்திக் குத்தி வெளியே எடுத்து, சோதித்து, அப்புறம்தான் குடைய அனுப்ப வேண்டும். இந்த வரிசையை மாற்றியவர்கள் குடைந்த கூலியை இழந்தார்கள்.

கஸ்டம் கார் ஆட்களின் அறிவு வேறு தினுசு. வேகம் அவர்களுக்கு இரண்டாம்பட்சம், கோடு முக்கியம். 1949 முதல் 1951 வரையான மெர்க்குரியின் கூரையை இறக்குவது அதில் உச்சக்கட்டப் பாடம். முன் தூண்கள் பின்னோக்கிச் சாய்ந்தவை. தூணை வெட்டிக் கூரையை நேராகக் கீழே இறக்கினால் தூணின் மேல் துண்டும் அடித் துண்டும் ஒன்றை ஒன்று சந்திக்காது. ஒன்று கூரையைக் குறுக்கே வெட்டி நீட்ட வேண்டும், இல்லையென்றால் கண்ணாடியை இன்னும் சாய்க்க வேண்டும். பின்பக்கம் அதைவிடச் சிக்கல்: முன்னால் வெட்டிய அளவையே பின்னாலும் வெட்டினால் கூரை தொப்பி வைத்தாற்போல் தூக்கி நிற்கும், அதனால் பின்னால் அதிகம் இறக்கிப் பின் கண்ணாடியைப் படுக்க வைப்பார்கள். பாரிஸ் சகோதரர்களின் பட்டறை 1952ல் முடித்த ஹிரோஹாட்டா மெர்க்கில் நடுத்தூணையே எடுத்துவிட்டார்கள். 1951 மெர்க்குரியாகப் பிறந்த அந்த வண்டி 2022 ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கு மேல் போனது.

அந்தக் காலத்தில் தகட்டு இணைப்புகளை மூடியது ஈயம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் நல்ல பட்டறைகளில் சில இடங்களில் ஈயமே வைக்கிறார்கள். 30 பங்கு தகரமும் 70 பங்கு ஈயமும் கலந்த குச்சி. தகரம் கூடுதலான 63-37 கலவை ஒரே சூட்டில் சட்டென்று உருகி ஓடிவிடும். செங்குத்தான கதவில் நிற்காது. 30-70 கலவை 183 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பித்து 250ஐத் தாண்டித்தான் முழுதாக உருகும். அந்த இடைவெளியில் பிசைந்த மாவு போல இருக்கும், மரத் துடுப்பால் தள்ளிப் பரப்பலாம். துடுப்பில் தேன்மெழுகோ மாட்டுக் கொழுப்போ தடவாவிட்டால் ஈயம் அதில் ஒட்டிக்கொள்ளும். முதலில் தகட்டைப் பளபளவென்று தேய்த்து, ஃபிளக்ஸ் பூசி, மெல்லிசாகத் தகரம் பிடிக்க வைக்க வேண்டும். தகரம் பிடிக்காத இடத்தில் ஈயம் மேலே உட்கார்ந்ததுபோல் தெரியும். ஒரு வெயில் காலம் போனதும் பெயர்ந்து வரும். ஃபிளக்ஸில் இருக்கும் அமிலத்தைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் நன்றாகக் கழுவிக் காயவைக்காமல் பெயின்ட் அடித்தால் சில மாதத்தில் கொப்புளம் கிளம்பும். அரம் போட்டுத்தான் இழைக்க வேண்டும். மெஷின் வைத்துத் தேய்த்தால் ஈயத்தூள் நெஞ்சுக்குள் போகும். பிறகு பாலியஸ்டர் பட்டி வந்தது, அரை மணியில் காய்ந்தது, ஈயம் வைக்கத் தெரிந்தவர்கள் குறைந்தார்கள். பட்டியைக் குறை சொல்ல மாட்டேன். மெல்லிசாகப் பூசினால் பல வருஷம் நிற்கும். கால் அங்குலத்துக்கு மேல் ஏற்றினால்தான் வெடிக்கும். அது பட்டியின் தப்பு இல்லை, தகட்டைத் தட்டி நேராக்காமல் விட்டவரின் தப்பு.

1955: ஒரே எஞ்சின்

எல்லாரும் சொல்லும் திருப்பம் இது, ஆகவே சுருக்கமாகவே சொல்கிறேன். 1953ல் ஃபோர்டின் கடைசி ஃபிளாட்ஹெட் 110 குதிரைசக்தி. 1955 ஷெவ்ரலேயின் 265 கன அங்குல ஸ்மால் பிளாக் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 162. இரண்டே வருஷத்தில், 1957ல், 283 கன அங்குலத்துக்கு 283 குதிரைசக்தி என்று விளம்பரம் போட்டார்கள். ஃபிளாட்ஹெட்டில் வருஷக்கணக்கில் உழைத்துச் சேர்த்த சக்தியை இது காயலான் கடை விலையில் கொடுத்தது. பொருத்துவதில் மட்டும் சிக்கல் இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின்பக்கம் நிற்பதால் 1932ன் ஃபயர்வாலில் முட்டும். எஞ்சினை முன்னே தள்ளினால் ஃபேன் ரேடியேட்டரைத் தொடும், ஆகவே ஃபயர்வாலைக் குழித்து, நீளம் குறைந்த வாட்டர் பம்ப்பைப் போட்டார்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டியரிங் பாக்ஸில் இடிக்காமல் இருக்க ஆட்டுக்கொம்பு வடிவ ராம்ஹார்ன் வகையைத் தேடினார்கள். இந்தத் தேடலும் பொருத்தலும் பழைய அறிவின் தொடர்ச்சிதான். சாமான் மாறியது, வேலை செய்யும் முறை மாறவில்லை. அதனால்தான் இதைத் திருப்பம் என்று நான் சொல்வதில்லை.

பீம் ஆக்சிலும் நீண்ட பயணமும்

ஹாட் ராட் எதற்காக ஓடியது என்பதைப் பார்த்தால் அடுத்த மாற்றம் புரியும். 1937ல் தொடங்கிய தென் கலிபோர்னியா டைமிங் சங்கத்துக்கும், 1949ல் தொடங்கிய பான்வில் ஸ்பீட் வீக்குக்கும் வண்டி நேர்க்கோட்டில் சில மைல் ஓடினால் போதும். 1970ல் இல்லினாயின் பியோரியாவில் முதல் ஸ்ட்ரீட் ராட் நேஷனல்ஸ் நடந்தபோது வேறு கூட்டம் வந்தது. மனைவி பிள்ளைகளோடு நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிக்கொண்டு வந்தவர்கள். அவர்களுக்கு ஏசி வேண்டும், ஆட்டோமேட்டிக் கியர் வேண்டும், மூன்றாவது மணி நேரத்தில் தோள் வலிக்காத ஸ்டியரிங் வேண்டும்.

பழைய பீம் ஆக்சிலை வண்டி தாழ வேண்டும் என்பதற்காகச் சூடுபடுத்தி இழுத்து இறக்குவார்கள், இரண்டரை அங்குலத்திலிருந்து 4 அங்குலம் வரை. ஆக்சிலை இறக்கினால் ஸ்டியரிங் ஆர்மையும் சூடுபடுத்திக் கீழே வளைக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் டை ராடு, ஆக்சிலை ஃபிரேமோடு பிடிக்கும் விஷ்போனில் இடிக்கும். விஷ்போனை நடுவில் பிளந்து இரண்டு ஃபிரேம் ஓரங்களுக்கும் பிரித்து மாட்டினால் எஞ்சினுக்கு இடம் கிடைக்கும். அப்படிச் செய்யும்போது ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் ஆக்சிலே முறுக வேண்டியிருக்கும். ஐ-பீம் அந்த முறுக்கலைத் தாங்கும், வட்டக் குழாய் ஆக்சில் தாங்காது. குழாய் ஆக்சிலில் பிளந்த விஷ்போனை மாட்டியவர்களுக்கு பிராக்கெட் வெல்டிங் பிளந்தது. நாலு ராடு அமைப்பு வந்ததற்கு இதுவே காரணம். கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) 5லிருந்து 7 டிகிரி வேண்டும். பின்னால் பெரிய டயர் போட்டு வண்டியை முன்னோக்கிச் சாய்த்தால் சாய்ந்த ஒவ்வொரு டிகிரிக்கும் கேஸ்டர் ஒரு டிகிரி குறையும். அப்புறம் 45 மைலில் முன்சக்கரம் ஆட ஆரம்பிக்கும். ஆட்டத்துக்கு, சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னைக் குறை சொல்லி மாற்றியவர்கள் பலர். பாதி நேரம் காரணம் கேஸ்டரும், பக்கவாட்டில் பிடிக்க பேன்ஹார்டு ராடு இல்லாததும்தான்.

சரியாக அமைந்த பீம் ஆக்சில் நேரே போகும், பார்வைக்கும் அழகு. ஃபெண்டர் இல்லாத 1932க்கு முன்னால் அதைவிடப் பொருத்தமானது எதுவுமே கிடையாது என்பது என் தீர்மானமான எண்ணம். ஆனால் குண்டும் குழியுமான சாலையில் ஒரு சக்கரத்தின் அடி இன்னொரு சக்கரத்துக்கும் போகும். 1935 முதல் 1948 வரையான கனமான ஃபெண்டர் வண்டிகளில் நெடுந்தூரம் போகிறவர்கள் வேறு வழி தேடினார்கள்.

மஸ்டாங் 2: திரும்பிய இடம்

ஃபோர்டின் 1974 மாடலாக வந்த சின்னக் கார் மஸ்டாங் 2ஐ மஸ்டாங் ரசிகர்கள் இன்றுவரை அரை மனதோடுதான் ஏற்கிறார்கள். முதல் வருஷம் அதற்கு வி8 எஞ்சினே கிடையாது. ஆனால் எண்ணெய்த் தட்டுப்பாடு சரியாக அப்போது வந்ததால் அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 3.8 லட்சத்துக்கு மேல் விற்றது. 1978ல் நிற்கும்வரை 10 லட்சத்தைத் தாண்டியது. 1970களின் கடைசியில் காயலான் கடைகளில் அது மலிந்து கிடந்தது. அதன் முன்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங், கீழ்க்கையின் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்ப்பக்கக் கையின்) மேல் உட்காரும் காயில் ஸ்பிரிங், டிஸ்க் பிரேக், எல்லாம் ஒரு குறுக்குச் சட்டத்தில் அடக்கம். இரண்டு சக்கர முகங்களுக்கும் நடுவே 56½ அங்குலம். 1930களின் ஃபோர்டு ஃபெண்டருக்குள் அது அடங்கும். பெரிய செடான்களின் முன்பக்கத்தை அறுத்து ஒட்டியவர்களுக்கு டயர் ஃபெண்டருக்கு வெளியே நின்றது. இதில் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் பழைய முறையிலேயே நடந்தது. மஸ்டாங் 2ன் குறுக்குச் சட்டத்தை டார்ச்சால் அறுத்தெடுத்து, இரண்டு பக்கமும் செதுக்கி, ஃபோர்டு ஃபிரேமுக்குள் நுழைத்து வெல்ட் வைத்தார்கள். பிறகு சிறு பட்டறைகள் குறுக்குச் சட்டத்தை மட்டும் புதிதாகச் செய்து விற்றன. கைகளையும் ஸ்பிண்டிலையும் ராக்கையும் நீங்கள் காயலான் கடையிலிருந்து கொண்டுவர வேண்டும். பிறகு கைகளைக் குழாயில் செய்தார்கள். பிறகு ஸ்பிண்டில், 2 அங்குலம் இறக்கிய ஸ்பிண்டில், ராக், கடைசியில் எல்லாமே புதிது. இன்று ஆயிரக்கணக்கான வண்டிகளில் மஸ்டாங் 2 முன்பக்கம் ஓடுகிறது. அவற்றில் மஸ்டாங் 2லிருந்து வந்த ஆணி ஒன்றுகூட இருக்காது. ஒரே சாமான் காயலான் கடையில் நுழைந்து கேட்லாக்கில் வெளியே வந்தது. இங்கேதான் அறிவும் இடம் மாறியது. எது பொருந்தும் என்று இனி தேட வேண்டாம். பொருந்தும் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அது சரியாக வேலை செய்யுமா என்பது வெல்ட் வைக்கிறவர் அளந்த அளவில் இருக்கிறது.

அளக்க வேண்டியவை இவை. பழைய ஆக்சிலைக் கழற்றுமுன் தூக்குக்குண்டு விட்டுச் சக்கர மையத்தை ஃபிரேமிலும் தரையிலும் குறித்துக்கொள்ள வேண்டும். கழற்றிய பின் அந்த மையத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க வழி இல்லை. அரை அங்குலம் தவறினாலும் ஃபெண்டரின் வளைவுக்குள் டயர் கோணலாகத் தெரியும். 1932 ஃபிரேம் திறந்த சி-வடிவம். 3/16 அங்குலத் தகட்டால் மூடிப் பெட்டியாக்கினால்தான் குறுக்குச் சட்டத்தைத் தாங்கும். ஒரே இழுப்பில் வெல்ட் வைத்தால் ஃபிரேம் வில்லாக வளையும். ஒவ்வொரு அங்குலமாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு வைக்க வேண்டும்.

அடுத்தது சாய்வு. பெரும்பாலோர் தடுமாறுவது இதில்தான். ஃபிரேமை ஸ்டாண்டில் மட்டமாக வைத்துக் குறுக்குச் சட்டத்தைப் பொருத்துகிறார்கள். வண்டி முடிந்து சாலையில் நிற்கும்போது முன்பக்கம் 2, 3 டிகிரி தாழ்ந்திருக்கும். அந்த 3 டிகிரியும் கேஸ்டரிலிருந்து கழிந்துவிடும். வேண்டியது 3லிருந்து 5 டிகிரி, கையில் இருப்பது பூஜ்யத்துக்குப் பக்கம். ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்து அவ்வளவையும் மீட்க முடியாது. ஆகவே வண்டி கடைசியில் எந்தச் சாய்வில் நிற்கப் போகிறதோ அதே சாய்வில் ஃபிரேமை நிறுத்திவிட்டுத்தான் குறுக்குச் சட்டத்தை மட்டம் பார்க்க வேண்டும். சாலையில் நிற்கும் உயரத்தில் கீழ்க்கை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். தாழ வேண்டும் என்று ஸ்பிரிங்கை வெட்டினால் கை மேல்நோக்கிச் சாயும், அசைவதற்கு இடம் இருக்காது, கேம்பரும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) கெடும். தாழ வேண்டுமென்றால் இறக்கிய ஸ்பிண்டில்தான் வழி.

மூன்றாவது, ஸ்ட்ரட் ராடு. மஸ்டாங் 2ன் கீழ்க்கைக்கு உள்பக்கம் ஒரே ஒரு போல்ட். பிரேக் பிடிக்கும்போது கை முன்பின்னாக நகராமல் தடுப்பது, கையிலிருந்து சட்டத்துக்குச் சாய்வாகப் போகும் இந்த ஸ்ட்ரட் ராடு. பழைய ஃபோர்டில் அதற்கு இடமில்லை, அசிங்கமாகவும் இருக்கிறது என்று சிலர் அதை எடுத்துவிட்டு அந்த ஒற்றை போல்டையே நம்பினார்கள். கனமான வண்டியில் அழுத்திப் பிரேக் போட்டபோது போல்ட் துளை நீண்டது, கை முறுகியது. ஸ்ட்ரட் ராடு வேண்டாமென்றால் அகலமான இரண்டு பிடிகள் உள்ள கையும், அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் சேர்ந்தே வாங்க வேண்டும். ஒன்றை ஒரு கடையிலும் மற்றதை இன்னொரு கடையிலும் வாங்கிக் கலப்பது ஆபத்து.

நான்காவது, ராக். முன்னாலிருந்து பார்த்தால் மேல்க்கையின் உள்முனையையும் கீழ்க்கையின் உள்முனையையும் இணைக்கும் கோட்டின் மேல் டை ராடின் உள்முனை விழ வேண்டும். தவறினால் சக்கரம் மேலும் கீழும் போகும்போது தானாகத் திரும்பும். இதற்கு பம்ப் ஸ்டியர் என்று பெயர். இடிக்கிறது என்பதற்காக ராக்கைக் கொஞ்சம் கீழே இறக்கி மாட்டினவர்கள், அகலம் போதவில்லை என்று டை ராடு முனைக்கு நீட்டிப்பு போட்டவர்கள் எல்லாரும் இதில் மாட்டுவார்கள். சோதிப்பது சுலபம். டேக் வெல்ட் (தற்காலிகப் பொட்டு வெல்ட்) மட்டும் வைத்து, ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை நிற்கும் உயரத்திலிருந்து 2 அங்குலம் மேலேயும் 2 அங்குலம் கீழேயும் ஜாக்கால் நகர்த்தி, டிஸ்க்கின் முன்விளிம்பும் பின்விளிம்பும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்க வேண்டும். 1/16 அங்குலத்துக்கு மேல் போனால் முழு வெல்ட் வைக்கக் கூடாது. ஒரு மதிய நேரத்து வேலை. செய்யாதவர்கள் எத்தனையோ அலைன்மென்ட் கடைகளுக்கு அலைகிறார்கள். அந்தக் கடைகளில் வண்டியை நிறுத்திய உயரத்திலேயே பார்ப்பார்கள், அங்கே எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

இந்த நாலையும் சரியாகச் செய்தவரை 'வாங்கிப் பூட்டினவர்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. 1948ல் ஈயம் வைத்தவரின் பொறுமைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பழைய வண்டியே இல்லாத பழைய வண்டி

முன்பக்கம் காட்டிய வழியில் மற்ற எல்லாமே வந்தன. முதலில் ஃபைபர் பாடிகள். அவற்றின் பலவீனம் கதவு: உள்ளே எஃகுச் சட்டமோ மரமோ இல்லாத பாடியில் கீல் தூண் நாளடைவில் நகர்ந்து கதவு தொங்கும். இன்னொன்று, ஃபைபரில் எர்த் கிடையாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் வயர் இழுக்காவிட்டால் பிரேக்கை அழுத்தும்போது இண்டிகேட்டர் மின்னும். பிறகு ஒஹாயோவின் புரூக்வில் போன்ற பட்டறைகள் எஃகிலேயே மாடல் ஏ, 1932 ரோட்ஸ்டர் பாடிகளைப் புதிதாக அடித்துக் கொடுத்தன. ஃபிரேமும் புதிது. 1932ல் செய்த சாமான் ஒன்றுகூட இல்லாத 1932 ஃபோர்டை எந்த வருஷ வண்டியாகப் பதிவது என்று அரசாங்கங்களே குழம்பின. கலிபோர்னியா 2001ல் எஸ்பி 100 என்ற சட்டம் போட்டு, வருஷத்துக்கு 500 வண்டிகளுக்கு மட்டும், பாடியின் தோற்றத்தையோ எஞ்சினின் வருஷத்தையோ வைத்துப் புகைச் சோதனை விதியைத் தீர்மானிக்கலாம் என்று அனுமதித்தது.

காயலான் கடை அறிவு அழிந்தே போயிற்று என்று இதற்குள் முடிவு கட்டினால் அதுவும் தப்பு. 1997 ஷெவ்ரலே கார்வெட்டில் எல்எஸ்1 என்ற புது வி8 எஞ்சின் வந்தது. 1999லிருந்து அதே குடும்பத்து 5.3 லிட்டர் எஞ்சின்கள் ஷெவ்ரலே பிக்கப்புகளில் வந்து குவிந்தன. இன்று ஒரு 5.3ஐ 1932ல் இறக்குகிறவர் பழைய ஆட்களின் மொழியிலேயே பேசுகிறார். பிக்கப்பின் ஆயில் பேன் ஆழம், ஃபிரேமுக்குக் கீழே தொங்கும். 1998-2002 கமாரோவின் பேனைப் போடு. பிக்கப்பின் இன்டேக் உயரம், பானெட் மூடாது, கமாரோவினுடையதைப் போடு. பெட்ரோல் அழுத்தம் 58 பிஎஸ்ஐ வேண்டும். கார்வெட்டின் ஃபில்டரிலேயே ரெகுலேட்டர் அடக்கம், அதை வாங்கினால் திரும்பும் குழாய் டாங்குக்குப் பக்கத்திலேயே முடியும். திருட்டுத் தடுப்பை கம்ப்யூட்டரிலிருந்து அழிக்காவிட்டால் எஞ்சின் பிடித்த கையோடு அணைந்துவிடும். சிலிண்டர் ஹெட்டுகளின் முன்னிருந்து ரேடியேட்டரின் மேல்முனைக்குப் போகும் மெல்லிய நீராவிக் குழாயைத் 'தேவையில்லாதது' என்று அடைத்துவிட்டால் காற்று உள்ளேயே தங்கிப் பின் சிலிண்டர்கள் கொதிக்கும், மீட்டரில் ஒன்றும் காட்டாது. இது 1950ன் மெர்க்குரி கிராங்க் பேச்சு அப்படியே.

வேடிக்கை என்னவென்றால், 'பழைய பாணி' என்று கட்டப்படும் வண்டிகளுக்கே இப்போது கேட்லாக் அதிகம் தேவைப்படுகிறது. ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர் இன்று புதிதாகவே கிடைக்கிறது. இறக்கிய ஐ-பீமும் புதிய வார்ப்பு. எதிர்ப்பக்கம், ஃபோர்டு 2021ல் எலுமினேட்டர் என்ற மின் மோட்டாரைக் கடையில் வைத்தது, 281 குதிரைசக்தி. பேட்டரி, இன்வெர்ட்டர், கன்ட்ரோலர் எதுவும் அதோடு வரவில்லை. அவற்றை எந்த விபத்து வண்டியிலிருந்து எடுப்பது, எது எதோடு பேசும் என்ற கேள்வி மறுபடி பட்டறைக்காரர் கைக்கே வந்துவிட்டது.

கிளவ் பாக்ஸில் ஒரு காகிதம்

எனக்கு இந்தக் கேட்லாக் காலத்தின் மேல் உண்மையான வருத்தம் ஒன்று உண்டு, அது பெருமை சம்பந்தப்பட்டது இல்லை. பழைய வண்டியில் என்ன இருக்கிறதென்று ஃபோர்டு தெரிந்த யாரும் பார்த்தே சொல்லிவிடுவார்கள்: 1940 பிரேக், 1939 கியர்பாக்ஸ். இன்றைய மஸ்டாங் 2 முன்பக்கத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. டிஸ்க் ஃபோர்டு கிரனடாவுடையதாக இருக்கலாம், காலிப்பர் ஜிஎம்முடையதாக இருக்கலாம், சக்கர ஆணிகளின் துளை 5க்கு 4½ஆகவும் இருக்கலாம், 4¾ஆகவும் இருக்கலாம். கட்டியவர் இறந்துவிடுகிறார், கிட் செய்த பட்டறை மூடிவிடுகிறது, வண்டி மூன்று கை மாறுகிறது. நாலாவது ஆள் தேய்ந்த பிரேக் பேடைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக நிற்கிறார். பவர் ராக்குக்கு ஜிஎம் பம்ப் மாட்டியிருந்தால் அழுத்தம் கூடுதலாக இருக்கும், விரல் பட்டாலே வண்டி திரும்பும். அழுத்தம் குறைக்க உள்ளே ஷிம் வைத்திருக்கிறார்களா இல்லையா என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே கட்டுகிறவர்கள் ஒரு காகிதம் எழுதி லேமினேட் செய்து கிளவ் பாக்ஸில் போட்டுவிட வேண்டும். குறுக்குச் சட்டம் யாருடையது, அகலம் எவ்வளவு. டிஸ்க், காலிப்பர், பேட், பேரிங் ஒவ்வொன்றும் எந்த வண்டியின் எந்த வருஷம். ராக் எது, பம்ப் எது. ஸ்பிரிங் எத்தனை பவுண்டு. நிற்கும் உயரம் ஃபிரேமிலிருந்து தரைக்கு எவ்வளவு. கேஸ்டர், கேம்பர், டோ கடைசியாக வைத்தது என்ன. எஞ்சினின் கம்ப்யூட்டர் எண், ரேடியேட்டர் ஹோஸ் மேலும் கீழும் எந்த வண்டியுடையது, ஃபேன் பெல்ட் நீளம். பியூஸ் பெட்டியின் படம் அதன் பின்பக்கம்.